மிச்ச நேரத்தில் கமிஷன் தொழில்: எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நாலு காசு சம்பாதிக்க வழி உண்டா? ஊரை விட்டு மும்பைக்கு வந்து, சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த நினைப்பு வராமல் இருக்காது.

செல்போன் உள்ளவர்கள் செய்யக்கூடிய தொழில் ஒன்று இருக்கிறது. ‘அபிலியேட் மார்க்கெட்டிங்’ என்று அதற்குப் பெயர். பெயர்தான் புதிது. விஷயம் பழைய தரகுதான்!

ஒரு பொருளைப் பற்றி யூடியூபிலோ, சொந்த இணையப் பக்கத்திலோ விவரம் சொல்லி, அதை விற்கும் கடையின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். அந்த இணைப்பைத் தொட்டு யாராவது பொருளை வாங்கினால், கடைக்காரர் கமிஷன் தருவார். அமெரிக்காவில் புத்தகம் விற்ற அமேசான் நிறுவனம் 1996-ல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2013-ல் அது இந்தியாவிலும் கடை திறந்தது.

சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம். கடை வாடகை இல்லை. ஆனால் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

கமிஷன் கூடினால் லாபமா?

கமிஷன் சதவிகிதத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பது தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு கிரைண்டரின் விலை 5,000 ரூபாய், கமிஷன் 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விற்றால் 250 ரூபாய். நீங்கள் சொன்ன விவரத்தை 1,000 பேர் பார்த்து, 50 பேர் இணைப்பைத் தொட்டு, 2 பேர் வாங்கினால் 500 ரூபாய் கிடைக்கும்.

ஒரு செல்போனின் விலை 15,000 ரூபாய், கமிஷன் 1 சதவிகிதம் என்றால் ஒன்றுக்கு 150 ரூபாய்தான். அதிலும் செல்போனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவரை யார் தேடி வருவார்கள்?

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: பொருளின் விலை, கமிஷன், வாங்கக்கூடிய ஆள் உங்களிடம் வருவாரா என்பது. மூன்றாவதுதான் முக்கியம்.

தெரிந்த தொழிலே மூலதனம்

தாராவியில் தையல் வேலை செய்கிறவருக்கு மெல்லிய துணிக்கு 11-ம் நம்பர் ஊசி, ஜீன்ஸ் துணிக்கு 16-ம் நம்பர் ஊசி என்று தெரியும். எந்த மெஷினில் நூல் அறுகிறது, எது நெடுநாள் உழைக்கும் என்பதும் தெரியும். வீட்டில் தைக்கப் பழகும் பெண்களுக்கு இந்த விவரம் தேவை. ஊசியும் நூலும் தீரத் தீர வாங்க வேண்டிய பொருள்கள்.

சமையல் தெரிந்தவர் டேபிள் டாப் கிரைண்டரைப் பற்றிச் சொல்லலாம். எத்தனை பேர் உள்ள குடும்பத்துக்கு எத்தனை லிட்டர்? பெல்ட் அறுந்தால் இங்கே கிடைக்குமா? நாலு பேர் தங்கும் ஒற்றை அறையில் எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொன்னால் கேட்க ஆள் உண்டு.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மும்பையில் ஜூனில் மழை பிடிக்கும். மழைக்கோட்டைப் பற்றி மே மாதத்திலேயே பேசினால்தான் பயன்.

தொடக் கூடாத சரக்கு

சர்க்கரை வியாதியைக் குணமாக்கும் பொடி, உடம்பை இளைக்க வைக்கும் மருந்து என்று சிலவற்றுக்குக் கமிஷனை அள்ளித் தருவதாகச் சொல்வார்கள். நீரிழிவு, உடல் பருமன் முதலிய பல நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த விளம்பரத்தில் பங்குகொள்கிறவரும் குற்றவாளிதான். எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லித் தொழில் நடத்த ‘செபி’யின் பதிவு வேண்டும்.

‘முதலில் பணம் கட்டு, பிறகு ஆள் சேர்த்து விடு’ என்றால் அது கமிஷன் தொழிலே அல்ல. இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களைத் தடுக்க 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. பெரிய கடைகளின் கமிஷன் திட்டங்களில் சேரக் கட்டணம் கிடையாது. இதை நினைவில் வைத்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் தப்பும்.

கமிஷன் கிடைப்பதை மறைக்கவும் கூடாது. 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அரசு ஊழியர் கவனத்துக்கு

மத்திய அரசு ஊழியர்கள் முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய 1964-ம் ஆண்டு நடத்தை விதிகள் இடம் தரவில்லை. மனைவி நடத்தும் கமிஷன் ஏஜென்சிக்கு ஊழியர் ஆதரவு திரட்டினாலும் விதி மீறல்தான். ரயில்வே ஊழியர்களுக்கும் இதே போன்ற விதிகள் உண்டு. கம்பெனிகளில் இருப்போர் தங்கள் வேலை நியமன உத்தரவைப் படித்துப் பார்ப்பது நல்லது.

அவசரம் வேண்டாம்

முதல் சில மாதங்கள் வருமானம் இல்லாமலே போகலாம். வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கமிஷனும் போய்விடும். ஆகவே இதை நம்பி வேலையை விடக் கூடாது. கடன் வாங்கி இறங்கவும் கூடாது.

ஒரு பொருளை எடுக்குமுன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: கமிஷனே இல்லாவிட்டாலும் இதை உடன்பிறந்த அண்ணனுக்குச் சொல்வேனா? ‘ஆம்’ என்றால் தொடங்கலாம். பக்கத்து அறைக்காரர் ஒருமுறை ஏமாந்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் வாங்க மாட்டார்.