கொம்புகளை எண்ணி வாங்குவோருக்கு

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில், முற்றமும் ஓட்டுக்கூரையுமாக இருந்த தனிவீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, அவை நின்ற குறுகிய காணிகளில் தொடர்மாடிகள் எழுந்தபின், நம்மவருடைய அன்றாட முறைப்பாடுகளில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ‘ஹோலில் நல்லா வேலை செய்யுது, பின்னறைக்குப் போனா வைஃபை இல்லை’ என்பதே அது. அதற்கு நம்மவர் கண்டிருக்கும் பரிகாரமோ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குச் சென்று, வீட்டில் இருப்பதைவிட இரண்டு கொம்பு அதிகமாக உள்ள ரவுட்டர் ஒன்றை வாங்கி வருவதுதான். லண்டனிலிருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருக்கையில் அவன் முகம் திரையில் உறைந்துபோவதைக் கண்டு நொந்த தாய் ஒருத்தி இச்செலவைச் செய்வதை யாரும் குறைகூற இயலாது; ஆயினும் அதிற் பெரும்பகுதி வீணே போகிறது என்பதைச் சொல்லாமல் இருப்பதும் இயலாது.

ரவுட்டர் என்பது வீட்டுக்குள் இயங்கும் ஒரு சிறு வானொலி நிலையம். அதன் ஒலிபரப்பு வலு சாதாரணமாக ஒரு வாட்டின் பத்திலொரு பங்கை அண்டியது; தூரம் இரட்டிக்கும்போது அந்த வலு நாலிலொன்றாகக் குறைகிறது; இடையில் கொங்கிறீட்டும் அதனுள் கம்பி வலையும் நின்றால் குறைவு இன்னும் கடுமையாகிறது. அன்றியும், கைத்தொலைபேசி வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியன்று. அதுவும் மறுமொழி அனுப்பவேண்டும். ஆகவே ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், சின்னஞ்சிறு மின்கலத்தை நம்பி வாழும் தொலைபேசியின் மெல்லிய குரல் சுவரைக் கடந்து திரும்பி வராதவரையில், திரையில் கோடுகள் நிறைந்து தெரியுமேயன்றி வேலை நடவாது. கொம்புகளும் பல அலைத்தொடர்களை ஒரே சமயத்தில் அனுப்பவும் பெறவும் உதவுபவையே. சுவரை ஊடுருவும் சக்தி அவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

தொடர்மாடிவாசிகளுக்கு இதனினும் பெரிய இடைஞ்சல் அயலவர்தாம். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய தடங்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. அந்த மூன்றிலேயே மேல்மாடி, கீழ்மாடி, அடுத்த கட்டடம் ஆகிய எல்லா வீடுகளின் ரவுட்டர்களும் முறைவைத்துப் பேசவேண்டியிருக்கிறது. சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பிரதேசத்தில், 2.45 கிகாஹெர்ட்ஸில், இயங்குவது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையோ சுவரை அவ்வளவாக ஊடுருவுவதில்லை என்று பலர் அதனைப் புறக்கணிக்கின்றனர். எனினும் நெருங்கிய குடியிருப்பில் அந்தக் குறையே குணமாகிறது. நம் அலை அயலவர் வீட்டுக்குள் எட்டாதது போலவே அவர் அலையும் நம் வீட்டுக்குள் எட்டாதல்லவா?

எனவே முதலில் மாற்றவேண்டியது பெட்டியையன்று, அது இருக்கும் இடத்தை. இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசற்கதவோரம் சப்பாத்துத் தட்டுக்கு மேல் வைத்துவிட்டுப் போனதை வருஷக்கணக்காக அங்கேயே விட்டுவைத்து, அழகுக்காக அதனை அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் ஒளித்துவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ரவுட்டர் வீட்டின் நடுப்பகுதியில், தோளுயரத்தில், திறந்த இடத்தில், மீன்தொட்டியையும் பெரிய நிலைக்கண்ணாடியையும் விட்டு விலகி இருப்பது நலம். கொம்புகளை நிமிர்த்தி வைத்தால் ஒரே தளத்து அறைகளுக்கு அலை நன்றாகப் பரவும். சில யார் கேபிள் வாங்கி இடம் மாற்றுவதற்கு ஆகும் பணம், புதிய பெட்டியின் விலையில் அற்பமே.

இடம் மாற்றியும் பின்னறை இருண்டே கிடந்தால், புதிதாக வாங்கலாம்; ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட இலக்கங்களை நம்பி வாங்கலாகாது. 1200 என்று பொறித்திருப்பது, இரண்டு அலைவரிசைகளின் ஏட்டளவான உச்ச வேகங்களாகிய 300ஐயும் 867ஐயும் கூட்டி, அதனையும் மேல்நோக்கி முழுமையாக்கிய ஒரு தொகையேயாம். எந்தத் தொலைபேசியும் அதனை அநுபவிப்பதில்லை. அத்தகைய மலிவான பெட்டிகள் பலவற்றில் கம்பித் துவாரங்கள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடுவதால், அதற்கு மேற்பட்ட ஃபைபர் இணைப்பு வைத்திருப்போர் தாம் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் துவாரத்திலேயே இழக்கின்றனர். நீண்ட வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டியைவிட, கேபிளால் இணைத்த இரண்டு சிறிய பெட்டிகளே மேல் என்பது என் தீர்மானம். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும்.

ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அன்போடு கொண்டுவரும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்குள்ள கேபிள் தொலைக்காட்சிக் கம்பெனி கொடுத்த பெட்டி இங்குள்ள ஃபைபருக்குப் பொருந்தாது. வட அமெரிக்காவில் வாங்கிய அடாப்டர் நமது 230 வோல்ற்றைத் தாங்குமா என்பதை அதன்மேல் எழுதியிருப்பதை வாசித்தே அறியவேண்டும். பழுதானால் வாரண்டி கேட்பதற்கு இங்கே ஆளில்லை.

அலை எட்டும் தூரம் வளர வளர ஆபத்தும் வளர்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. அலை எட்டாத தூரத்திலிருந்தும் இணையத்தின் வழியே ஆபத்து வரலாம். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத ரவுட்டர்களையும் கமராக்களையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரும் இணையத்தளங்களையே முடக்கியது. ஆகவே வைஃபைக் கடவுச்சொல்லை மட்டுமன்றி, பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குரிய கடவுச்சொல்லையும் வாங்கிய அன்றே மாற்றி, டபிள்யூ.பி.ஏ 2 அல்லது 3 காவலை இடுவது அவசியம். அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரக்கப்பட்டுக் கடவுச்சொல்லைக் கொடுப்பவர், அந்த இணைப்பின் வழியே தவறேதும் நிகழ்ந்தால் விசாரணை முதலில் இணைப்புக்குரியவர் வாசலுக்கே வரும் என்பதை அறிந்து கொடுக்கட்டும். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதற்கு, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் ஐந்து வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபா வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

இனிப் பரிகாரம். ரவுட்டரோடு ஒரு மடிகணினியைக் கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கம்பியில் வேகம் சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால், குற்றம் சுவருடையது. யாரிடமும் முறையிட்டுப் பயனில்லை. கம்பியிலேயே குறைந்தால், திகதியும் நேரமும் தெரியும்படி அளவுகளைப் பதிந்துவைத்து, முதலில் கம்பெனியிடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுங்கள். அதன் பின்னும் தீராவிடில் எல்விற்றிகல மாவத்தையிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை நாடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1900. ரவுட்டர்களை விற்கும் வியாபாரி அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டுமென்பதும் அந்த ஆணைக்குழுவின் விதியே. வாங்குமுன் அதனைக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படவேண்டிய விஷயமன்று.

பொருளே பழுதாக இருந்து, வாரண்டியை வியாபாரி மதிக்க மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு ஆதாரமாக நிற்பது பற்றுச்சீட்டு. பெட்டியின் மாதிரி இலக்கமும் தொடரிலக்கமும் வாரண்டிக் காலமும் கடையின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று, காசைக் கொடுக்குமுன் கடையிலேயே நின்று வாசித்துப் பாருங்கள்.