கூத்துப் படிக்கப் போகும் மகள்

"பொம்பிளப் பிள்ளைக்குக் கூத்து எதற்கு?" என்ற கேள்வி எமது ஊர்களில் இன்றும் கேட்கப்படுகின்றது. க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தில் நல்ல பெறுபேறு பெற்ற மகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவதா, விடுவதா என்று தடுமாறும் தாய்மார் பலர். யுத்தத்தில் கணவரை இழந்து, தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்த தாய்க்கு இத்தடுமாற்றம் இரட்டிப்பாகும். செலவு ஒரு பக்கம், ஊர்வாய் மறுபக்கம்.

வட்டக்களரியில் இருந்து வகுப்பறைக்கு

பாட்டும் ஆட்டமும் கதையும் ஒன்றாய் இணைந்த எமது அரங்கே கூத்து. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இரு மரபுகள் உண்டு. அண்ணாவியார் மத்தளம் அடிக்க, கூத்தர் பாடி ஆட, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவர். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் ஊரே கூடிப் பழகும். ஆனால் அக்களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினர்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கல்லடியில் 1982ஆம் ஆண்டு இசை நடனக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்ட நிறுவனம், பின்னர் அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்து, சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. இங்கு இசை, நடனம் ஆகியவற்றுடன் நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. ஊர்க் களரியில் இடம் கிடைக்காத பெண்ணுக்கு வகுப்பறையில் சதங்கை கட்டும் உரிமை கிடைத்துள்ளது.

ஆடுவதோடு முடிவதில்லை. கலாநிதி சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கப் பணியில், கூத்துப் பாடல்களில் பெண்களைத் தாழ்த்தும் பகுதிகளும் விவாதத்திற்கு எடுக்கப்பட்டன. "இந்தப் பெண் ஏன் இப்படிப் பேச வேண்டும்?" என்று கேட்கப் பழகும் மாணவி, வீட்டிலும் ஊரிலும் அதே கேள்வியைக் கேட்கத் துணிவாள்.

தாயின் பாட்டும் பாடமாகும்

எமது பணியின்போது சந்தித்த ஒரு தாய், தன் மகள் விடுமுறையில் வந்து தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதியதைச் சொன்னார். "எனக்கு எழுத்து வாசிப்பில்ல. என்ர பாட்ட அவ கொப்பியில எழுதினா" என்றார். அவருக்கு அது சிறிய விடயமல்ல. இழப்பைத் தவிர வேறெதற்காகவும் எவரும் அவரிடம் கேள்வி கேட்டதில்லை.

கூத்து மனக்காயத்திற்கு மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. தூக்கமின்மை, பயம் போன்றவை தொடருமாயின் வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடவே வேண்டும். ஆயினும் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, பிற்பாட்டில் பத்துப் பேரோடு சேர்ந்து குரல் கொடுக்கும்போது தனித்து நிற்பதில்லை.

அனுப்பும் முன் அறிய வேண்டியவை

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையிலும் தோற்ற வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல, பேர்சரி உதவிகளுக்குக் குடும்ப வருமானமும் கருத்திற் கொள்ளப்படுவதால், உரிய ஆவணங்களை கிராம சேவையாளர் ஊடாக முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், விடுதிக்குத் திரும்ப வசதி உண்டா, ஆட்டம் பழக்கும்போது பிள்ளைக்குச் சங்கடம் ஏற்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். நல்லதொரு துறை இக்கேள்விகளுக்குக் கோபப்படாது. திறமையை மட்டும் பார்க்காமல், பிள்ளை எந்த வீட்டில் இருந்து வருகின்றாள் என்பதையும் அறிந்து நடக்கும் ஆசிரியர்கள் உள்ள இடமே நல்ல துறையாகும்.

பட்டம் பெற்றவுடன் அரச வேலை நிச்சயம் என்று எவரும் உறுதி கூற முடியாது. பாடசாலை, கலாசாரப் பிரிவு, சமூக நிறுவனங்கள் என வழிகள் உண்டு, காத்திருக்கவும் நேரிடலாம். இதனை மகளுடன் வெளிப்படையாகப் பேசுங்கள். ஊரார் சொல்வதைக் கேட்குமுன் அவள் சொல்வதை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். அதன் பின் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது உங்கள் இருவரதும் முடிவாக இருக்கட்டும்.