எழுதிய நூலும் அது செல்லும் வழியும்

தில்லியில் நாம் குடியிருக்கும் அரசாங்க இல்லத்தில், கட்டிலின் அடியே நான்கு அட்டைப் பெட்டிகள் வெகுகாலம் இடம்பிடித்திருந்தன. அவற்றுள் இருந்தவை நாம் ஆக்கிய நூலின் பிரதிகளே. மூல ஆசிரியர்களின் இசைவு பெற்று, இந்திச் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கித் தொகுத்திருந்தோம். தமிழகத்துப் பதிப்பகம் ஒன்று அதனை வெளியிட முன்வந்தது. ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. வாய்ச்சொல்லே போதும் என்று நாமும் இருந்துவிட்டோம். அச்சுச் செலவில் பாதியை நாமே ஏற்றோம். சில திங்கள் கழித்து 300 பிரதிகள் பார்சல் லாரியில் வந்து இறங்கின. அவை நம் பங்கு என்று ஒரு சீட்டும் உடன் வந்தது. மொத்தம் எத்தனை பிரதிகள் அச்சாயின, எத்தனை விலைபோயின என்பன இன்றுவரை நாம் அறியாதவை.

இதனைக் குறையாகச் சொல்லிப் புலம்புதல் நம் நோக்கமன்று. பேனா பிடித்தவர் பலர்க்கும் நேர்வது இதுவேயாதலால், நூல் எழுதுவோன் அதனை விற்பதில் படும் இடர்களைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம். தமிழர் நூல் வாங்குவதில்லை என்ற பழி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதில் ஒரு பாதி உண்மை இருக்கலாம். மறுபாதி உண்மை, நூலுக்கும் வாசகனுக்கும் இடையே வழியும் இல்லை, கணக்கும் இல்லை என்பதே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 200 ரூபாய் விலையிட்ட ஒரு நூல் என்று கொள்வோம். விற்பனையாளர்க்குக் கழிவு என்ற வகையில் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். காகிதம், அச்சு, கட்டடம், அனுப்பும் கூலி ஆகியவற்றைப் பதிப்பாளர் தாங்கவேண்டும். நூலுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. அது அச்சாகும் காகிதத்துக்கு உண்டு. இவையெல்லாம் போக ஆசிரியர்க்கு ராயல்டி என்று வழக்கமாகப் பேசப்படுவது விலையில் 10 விழுக்காடு. அஃதாவது பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதிகள் விற்றால் 10,000 ரூபாய். அந்த 500 விற்கவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். எழுதுவதற்கு ஓராண்டு சென்றிருக்கும். ஒரு குடும்பம் இதனைக்கொண்டு எத்தனை நாள் உலை வைக்க இயலும் என்பதை இல்லத்தரசியரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

ஆகவேதான் நம் எழுத்தாளருள் பெரும்பாலோர் வேறொரு சம்பளத்தின் நிழலில் நின்று எழுதினர். தி. ஜானகிராமன் வானொலியில் பணியாற்றினார். ஆதவன் தலைநகரில் நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனத்தில் இருந்தார். நம்மைப் போன்ற சிறியோரும் அவ்வழியினரே. நாள் முழுதும் அலுவலகத்தில் நாம் மொழிபெயர்க்கும் எழுத்துக்கு உரிமையாளர் அரசாங்கம். இரவில் வீட்டில் எழுதுவது மட்டுமே நம்முடையது. மத்திய அரசு ஊழியர்க்கான 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணிக்கு இடம் தருகின்றன. தனி வாணிகத்தை விலக்குகின்றன. தம் நூலைத் தாமே பையில் சுமந்து விற்பது இவ்விரண்டில் எதைச் சாரும் என்று அலுவலக நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டு நகைத்ததுண்டு. வாணிகம் என்றால் இலாபம் இருக்கவேண்டுமே என்று விடை கூறினோம்.

பதிப்பாளரை நம்பாமல் தாமே அச்சகம் வைத்தால் துன்பம் தீருமோ எனில், அவ்வாறு செய்து பார்த்த பெரியோர் உளர். இந்தி நாவலின் தலைமகனாகிய பிரேம்சந்த் 1923 இல் காசியில் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார். 1930 இல் 'ஹம்ஸ்' என்னும் மாத இதழையும் நிறுவினார். அச்சகம் அவருக்குச் சோறு போடவில்லை, கடனையே வளர்த்தது. கதை எழுதவேண்டிய நேரம் காகிதக் கடைக்கும் கடன்காரர்க்கும் விடை சொல்வதில் கழிந்தது. அக்கடனை அடைக்கும் பொருட்டே 1934 இல் ஆண்டுக்கு 8,000 ரூபாய் ஊதியத்தில் பம்பாய் அஜந்தா சினிடோன் படக் கம்பெனிக்குக் கதை எழுதச் சென்றார். அவ்வுலகம் அவர்க்கு ஒவ்வவில்லை. மறு ஆண்டே காசிக்குத் திரும்பிவிட்டார். 'கோதான்' வெளிவந்த 1936 ஆம் ஆண்டே அவர் மறைந்த ஆண்டுமாகும். எழுதுபவனுக்கு வேண்டியது விற்பனை அமைப்பே. ஆனால் அந்த அமைப்பைத் தன்னந்தனியே தோளில் தூக்கினால் அது ஆளையே அழுத்திவிடுகிறது.

நம் பாரதியார் இதனினும் பெரிய கனவு கண்டார். 1920 இல் கடையத்திலிருந்து அவர் விடுத்த சுற்றறிக்கையைப் படிப்போர், கவிஞர்க்கு வாணிகம் தெரியாது என்று இனிச் சொல்லமாட்டார்கள். தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைபோகவேண்டும். அதற்கு முதலாக அன்பர்கள் வட்டிக்குக் கடன் உதவவேண்டும் என்று திட்டம் வகுத்தார். கடன் வரவில்லை. 1921 செப்டம்பரில் கவிஞர் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமை பல கைகள் மாறிற்று; 1949 இல் சென்னை அரசாங்கம் அதனைப் பெற்று, 1955 இல் மக்களுக்கே உரிமையாக்கிற்று. பின்னர் அந்நூல்கள் உண்மையாகவே தீப்பெட்டி போல் விலைபோயின. விலையைப் பெறவேண்டியவர்தாம் இல்லை.

இனிக் கோட்டயத்துக்குச் செல்வோம். ஒருவரால் சுமக்க இயலாததைப் பன்னிருவர் சேர்ந்து சுமந்த வரலாறு அது. 1945 இல் மலையாள எழுத்தாளர் 12 பேர் 120 ரூபாய் முதலுடன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் என்பது அதன் பெயர். எம். பி. பால் தலைவர், சிறுகதை ஆசிரியர் காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். காரூர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். சிக்கனமும் கணக்கும் அறிந்தவர். சங்கம் நூலை வெளியிட்டு, ஆசிரியர்க்கு விலையில் 30 விழுக்காடு அளவுக்கு ராயல்டி அளித்தது. நாட்டில் வேறெங்கும் எழுத்தாளர் எண்ணியும் பாராத பங்கு அது. எழுதுவோரே பங்குதாரராதலால், எத்தனை பிரதி அச்சாயிற்று, எத்தனை விற்றது என்று கேட்கும் உரிமை அவர்களிடமே இருந்தது. நம் கட்டிலடிப் பெட்டிகளை நினைந்து இவ்விடத்தில் நாம் பெருமூச்சு விடுவதை நேயர்கள் பொறுத்தருள்க.

ஆயினும் நல்ல நூலும் நேரிய கணக்கும் மட்டும் அச்சங்கத்தை வளர்த்தன எனல் ஆகாது. விற்கும் இடமும் வேண்டும். டி. சி. கிழக்கேமுறி நடத்திய நேஷனல் புக் ஸ்டால் 1949 இல் சங்கத்தோடு சேர்ந்தது. எழுத்தாளர் கையில் கடையும் வந்தது. வாங்கும் ஆள் வேண்டுமே! சங்கம் தோன்றிய அதே 1945 இல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூர்ச் சிற்றூர்களில் இருந்த 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து ஓர் இயக்கமாக்கினார். அது வளர்ந்து கேரளம் முழுவதும் பரவிற்று. ஊர்தோறும் நூலகம், கையில் கடை, கணக்குக் காட்டும் சங்கம் என மூன்றும் ஒருங்கே அமைந்த நிலத்தில்தான் 1956 இல் தகழியின் 'செம்மீன்' வெளிவந்தது. வைக்கம் முகம்மது பஷீர் ஒரு காலத்தில் தம் நூல்களைத் தாமே சுமந்து விற்றவர். எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தியவர். அத்தகையோர் பேனாவை நம்பி வாழலாம் என்ற துணிவு மலையாள நாட்டில் பிறந்ததற்கு இவ்வமைப்புகளே காரணம் என்பது நம் கருத்து. பிற்காலத்தில் சங்கம் தளர்ந்தது மெய்யே. கிழக்கேமுறி அவர்களே 1974 இல் தனியாக டி. சி. புக்ஸ் தொடங்கினார். ஆனால் வாசகரும் எழுத்தாளரும் அதற்குள் உருவாகிவிட்டனர்.

தமிழகத்திலும் நூலகத்துக்குக் குறைவில்லை. அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் முயற்சியால் 1948 இலேயே சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது; சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. இதன் பயன் பெரிது. இதனால் விளைந்த ஒரு தீங்கையும் சொல்லவேண்டும். நூலக ஆணை ஒன்றையே நம்பிப் பதிப்பாளர் பலர் தொழில் நடத்தலாயினர். ஆணை வந்தால் அச்சு. வராத ஆண்டு பட்டினி. கடைவீதி வாசகனைத் தேடிச் செல்லும் பழக்கமே மங்கிற்று. 1977 முதல் சென்னையில் நடந்துவரும் புத்தகக் காட்சி இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. எனினும் ஆண்டில் சில நாள் பெய்யும் மழையால் ஏரி நிறையுமா?

உரிமை பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். இளைஞர் பலர் இவ்விடத்தில் இடறுகின்றனர். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், கையொப்பமும் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிடின் 5 ஆண்டு என்றும், எந்த எல்லைக்கு என்று குறிக்காவிடின் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தம் வேறு கூறாதவரை, அது ஆசிரியரிடமே திரும்பும். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல், மின்னூல் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. 'சகல உரிமைகளும்' என்ற இரு சொற்களின் கீழ்க் கையெழுத்திடுபவர் இத்தனையும் கொடுத்துவிடுகிறார். பதிப்பாளர் எல்லாரும் ஏமாற்றுவோர் அல்லர். அவர்களும் கடையிலிருந்து வரவேண்டிய பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். ஆனால் கேட்டால் கணக்குத் தருவதற்கும் கேளாமலே தருவதற்கும் வேறுபாடு உண்டு.

இந்நாளில் 50 பிரதி, 100 பிரதி என்று வேண்டியவாறு அச்சிட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. ஆகவே முதல் முடங்குவது குறைந்திருக்கிறது. 2016 இல் அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களும் இடம்பெற்றன; அங்கே தாமே வெளியிடும் ஆசிரியர்க்கு அச்சு நூலைவிட மிகுதியான பங்கு கிடைக்கிறது; திங்கள்தோறும் கணக்கும் தெரிகிறது. ஆயின் விளம்பரம் முழுவதும் ஆசிரியன் தலையில் விழுந்தது. தன் நூலைத் தானே நாள்தோறும் புகழவேண்டிய நிலை, கூச்சமுள்ளவர்க்குத் தண்டனையே. அன்றியும், நூல் வெளிவந்த சில நாளில் அதன் நகல் கைப்பேசிதோறும் இலவசமாக உலாவுகிறது. அனுப்புகிறவர் அதனைத் தமிழ்த்தொண்டு என்றே எண்ணுகிறார்.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் இவ்வழியின் கடைக்கோடியில் நிற்பவர்கள். ஜபல்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ தமிழ் நூலை வைத்து விற்கும் கடையை எளிதில் காண்பதற்கில்லை. அஞ்சலே நமக்கு அங்காடி. புத்தகங்களுக்கென்று இருந்த பதிவு அஞ்சல் சலுகை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர் பெரிதும் கலங்கினர். 200 ரூபாய் நூலுக்கு அஞ்சற்செலவே பெருஞ்சுமையாயின் யார் வாங்குவர்? 2025 மே முதல் நாள் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை தொடங்கிற்று. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்பது அதன் தொடக்கக் கட்டணம். நாலைந்து குடும்பங்கள் கூடி ஒரே கட்டாக வரவழைத்தால் நூலொன்றுக்கு விழும் செலவு மிகவும் குறையும். 1946 இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம், 1950 இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்றவற்றின் நூலகங்கள் வழியாகவும் இதனைச் செய்யலாம்.

நம் பெட்டிகளின் கதையையும் முடித்துவிடுகிறோம். நண்பர்கள் "கையொப்பமிட்டுத் தாருங்கள்" என்று அன்போடு கேட்பர்; விலை கேட்கமாட்டார்கள். இவ்வாறு அறுபது எழுபது பிரதிகள் சென்றன. பின்னர் ஒரு பொங்கல் விழாவில் முதிய அன்பர் ஒருவர் ஒரு பிரதியைக் கையில் எடுத்து, பின் அட்டையில் விலையைப் பார்த்து, அத்தொகையை எண்ணி நம் கையில் வைத்தார். கையொப்பமும் கேட்கவில்லை. மறுவாரம் தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் கதையில் ஒரு சொல் பிழை என்றார், பிழைதான். அவர் சொல்லியே அவர் குடியிருப்பில் பதினொரு பிரதிகள் விலைபோயின. இப்போது ஒரு பெட்டிதான் மீதி இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பிரதியிலும் அந்தச் சொல்லை மையால் திருத்தி வைத்திருக்கிறோம்.