குடும்பத்தில் ஓடும் இதயநோய் – 7: கொழுப்பு தெரிந்தால் நோயா?

மரபணுச் சோதனை பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் ஆய்வு வழிமறித்துவிட்டது. ஏ.ஆர்.வி.சி. என்றால் என்னவென்று தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும்: வலது கீழறைத் தசை செத்து, அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் ஏறும் பரம்பரை நோய். மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இளைஞரைச் சாய்த்துவிடக்கூடியது.

அந்த ஆய்வு 2004-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டது. வேறு இடங்களில் இந்த நோய் என்று சொல்லப்பட்ட 89 பேரை அவர்கள் முதலிலிருந்து சோதித்தார்கள். நோய்க்கான வரையறைக்குள் வந்தவர்கள் 24 பேர் மட்டுமே! மற்றவர்களில் பலர்மீது முத்திரை விழக் காரணம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த கொழுப்பும் மெலிந்த சுவரும்தான்.

கொழுப்பு ஏறும் நோயைக் கொழுப்பைக் காட்டும் கருவியால் கண்டுபிடிப்பதில் என்ன தவறு என்று தோன்றும். வலது கீழறையின் சுவர் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். படத்தில் அது இரண்டு, மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் எல்லோருக்குமே கொழுப்பு உண்டு. வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் அதிகம். அது சுவரை ஒட்டியிருக்கிறதா, சுவருக்குள் புகுந்திருக்கிறதா என்பதை அந்த இரண்டு புள்ளிகளை வைத்து எப்படிச் சொல்வது? இன்னொரு சங்கடமும் உண்டு. இதயத் துடிப்போடு இசைந்துதான் கருவி படம் எடுக்கிறது. துடிப்பு தாறுமாறானால் படம் கலங்கும். இந்த நோயாளிகளுக்கோ துடிப்புதான் முதலில் தாறுமாறாகும்.

2010-இல் திருத்திய சர்வதேச வரையறையில் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கொழுப்புக்கு இடமே இல்லை. சுவரின் ஒரு பகுதி அசையாமல் இருக்க வேண்டும், அல்லது தவறாக அசைய வேண்டும். அதோடு அறை வீங்கியிருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் பங்கு குறைந்திருக்க வேண்டும். அந்தப் பங்கு 40 சதவீதமோ அதற்குக் கீழோ போனால் அது பெரிய அடையாளம். அதுவும் தனியாக நின்று நோயை உறுதி செய்யாது, ஈ.சி.ஜி., நாள் முழுதும் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர், குடும்ப வரலாறு எல்லாம் கூட வர வேண்டும்.

படத்துக்கு வெளியே கிடைக்கும் தடயம் என்றால், கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே மருத்துவம் பார்த்த நிக்கோஸ் புரோட்டோநோட்டாரியோஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986-இல் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கம்பளி போன்ற சுருள்முடி. கையும் காலும் புழங்கத் தொடங்கியதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும். வளர்ந்தபின் இதே நோயால் இதயம் கெடும். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒரே புரதத்தின் கோளாறு தோலிலும் இதயத்திலும் ஒருசேர வெளிப்படுகிறது. வரப்போகும் இதயநோயைப் பல ஆண்டுகள் முன்பே ஓர் உள்ளங்கை சொல்லிவிடுகிறது! அந்தப் புரதத்தின் மரபணு 2000-இல் பிடிபட்டது. அதன் கதை அடுத்த வாரம்.

எம்.ஆர்.ஐ. வீண் என்று சொல்ல வரவில்லை. வலது கீழறையின் கொள்ளளவை அளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் நோயின் தொடக்கத்தில் படம் சுத்தமாகவும் இருக்கலாம். மின்கோளாறு பெரும்பாலும் முந்திக்கொள்ளும். ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் உறுதியாகியிருந்தால், ஒருமுறை எடுத்த படம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் கொழுப்பு என்ற ஒரு வரியை மட்டும் வைத்து ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சில் பொருத்தச் சொன்னால், இந்த நோயை அடிக்கடி பார்க்கும் நிபுணரிடம் படங்களைக் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.