கைபேசியின் பூட்டைத் திறக்கலாமா?

ஒரு நிறுவனத்தின் சேவைக்கென்றே பூட்டி விற்ற கைபேசியை மற்றொரு நிறுவனத்தின் சேவையில் இயக்கலாமா? இக்கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் வரை சென்றது.

2003-இல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் 10,500 ரூபாய் கைபேசியை 3,350 ரூபாய் தொடக்கக் கட்டணத்தில் அளித்தது. மூன்றாண்டுகள் தன் சேவையிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்கருவிகளை டாடா இண்டிகாம் சேவைக்கு மாற்றியதாக வழக்கு எழுந்தது. அவற்றில் சிம் அட்டை கிடையாது. உள்ளே பதிந்த மின்னணு வரிசை எண்ணே அடையாளம். அதைச் சரிபார்த்த பிறகே இணைப்பு கிடைக்கும். கைபேசியும் ஒரு கணிப்பொறியே, அதன் நிரலைத் திருத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுக்குள் வரும் என்று 2005-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் கூறியது.

இன்றைய கைபேசியில் பூட்டு வேறு, அடையாளம் வேறு. *#06# என்று அழுத்துங்கள். திரையில் தோன்றும் 15 இலக்க எண்ணே கருவியின் அடையாளம். புதுச்சேரிக் கடற்கரையில் களவுபோன கைபேசியில் வேறு சிம்மைச் செருகினாலும் இவ்வெண் மாறாது. அதைக்கொண்டே கருவியை முடக்கலாம். ஆகவேதான் இதைத் திருத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம்.

இலவசமாகக் கிடைக்கும் திறப்பு மென்பொருள்களில் சில இவ்வெண்ணிலும் கைவைக்கின்றன. கைபேசியின் முழு அதிகாரத்தையும் கேட்டுப் பெறுவதால், வங்கிக் கடவுச்சொல்லையும் அவை களவாட இயலும். வேலை இடையில் தடைப்பட்டாலோ கருவியே செயலிழக்கக்கூடும். பூட்டைத் திறக்க வேண்டுமா? விற்ற நிறுவனத்தையே கேளுங்கள், மாணவர்களே!