வாசற்படியிலிருந்து அளக்க வேண்டிய தூரம்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அமைதியையும் புகழ்ந்து அந்நிய மாலுமிகள் எழுதிவைத்தவை ஏராளம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இதன்மேல் கண் வைத்தார்கள். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இதன்பொருட்டே. 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை இவ்விடம் விட்டு நீங்கிற்று. ஆனால் பெருங்கப்பல்களுக்கெல்லாம் அடைக்கலம் தந்த அதே நீர்ப்பரப்பு, அக்கரையில் கிண்ணியாவிலும் மூதூரிலும் அதற்கப்பால் வெருகலிலும் வாழ்ந்த ஸ்திரீகளுக்கு, விசேஷமாகப் பிரசவ வேதனை கண்ட இராத்திரிகளில், தாண்டுதற்கரிய தடையாக நெடுங்காலம் கிடந்தது என்ற செய்தியைச் சரித்திர நூல்களில் அருமையாகவே காண்கிறோம்.

பாலம் அமையுமுன், கிண்ணியாவிலிருந்து நகருக்கு வர எண்ணியவர்கள் 'பாதை' என்று இப்பகுதியார் வழங்கும் மிதவையில் ஏறியே நீரைக் கடந்தார்கள். அக்கரையில் நிற்கும் பாதை இக்கரைக்கு வந்துசேரும்வரை சனமும் வாகனமும் வரிசையில் காத்திருக்கும். சந்தைக்குப் போகிறவனுக்கு அது ஒரு சிரமம், அவ்வளவுதான். பிள்ளை பெற்றபின் இரத்தப்போக்கு நில்லாமல் கிடக்கும் தாயின் நிலைமை வேறு. அத்தகைய கடும் இரத்தப்போக்கு, சிகிச்சை கிடையாவிடில், அதுவரை நல்ல சுகதேகியாக இருந்தவளின் உயிரையும் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோகக் கூடியது என்று வைத்தியர்கள் சொல்லும்போது, அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு துறையில் காத்திருப்பதிலேயே கழியும் என்பதல்லவா அவளுடைய ஆயுளை நிர்ணயிக்கிறது! 2009 அக்டோபரில், சவூதி அரேபியாவின் கடனுதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் வீதியிலும் பாலங்கள் எழுந்தன. பெண்களின் சுகத்துக்காக இம்மாவட்டத்துக்கு வந்த சாதனங்களுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் இருக்கும் எந்த யந்திரத்துக்கும் முன்னதாக இப்பாலத்தையே சொல்வேன். பாலம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை, 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த நிலையில் ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறார்கள் மாண்டபோது, இம்மாவட்டம் மறுபடியும் கண்டு அழுதது.

தாய்மார் மரணத்துக்கு ஏதுவாகும் தாமதங்களைச் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்றாக வகுத்தார்கள்: போவதா வேண்டாமா என்று வீட்டார் முடிவுசெய்வதில் ஆகும் தாமதம், போய்ச் சேர்வதில் ஆகும் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் ஆகும் தாமதம். பாலமும், 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் தீவெங்கும் பரவிய 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையும் இரண்டாவதைக் குறைத்தன. முதலாவதைக் குறைப்பது, குடும்பநல உத்தியோகத்தர் என்று அரசாங்கக் கடதாசியிலும் மிட்வைஃப் என்றோ மிஸ்ஸி என்றோ ஊரார் வாயிலும் வழங்கும் அந்தப் பெண்ணின் வேலை. பிற்பகல் வெயிலில் ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே வருகிறவர், கர்ப்பிணியின் அட்டையை விரித்து இரத்த அழுத்தக் கணக்கைப் பார்க்குமுன், திண்ணையில் இருக்கும் மாமியாரிடம்தான் முதலில் பேச்சுக் கொடுக்கிறார். “மாமி, மருமகளுக்குக் கால் எப்ப இருந்து இப்படி வீங்கியிருக்கு?” பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது வழமைதானே என்பார் மாமி. கணுக்காலை விரலால் அழுத்தி, விழுந்த குழி மேலெழாமல் நிற்பதைக் காட்டி, இதனோடு தலையிடியும் கண்மங்கலும் வந்தால் ஒரு நிமிஷமும் நில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று, உத்தியோக அதிகாரம் சிறிதுமின்றி வீட்டுப் பிள்ளை சொல்வதுபோல் அவர் சொல்லிவைப்பதனாலேதான், நள்ளிரவில் தலையிடி என்றவுடன் வண்டிக்குக் கோல் எடுக்கும்படி முதற்குரல் கொடுப்பவர் அதே மாமியாக இருக்கிறார்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று முளைத்ததன்று. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து, பிணி வருமுன் வீட்டுக்குச் சென்று பார்க்கும் முறை இத்தீவில் வேரூன்றியது. கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரின் வாழ்க்கைத் துணையாகி, கிராமப் பெண்களுக்காக லங்கா மகிள சமிதியைத் தோற்றுவித்த டாக்டர் மேரி இரத்தினம் போன்றவர்கள் அக்காலத்தில் ஆற்றிய தொண்டு எளிதில் மறக்கத்தக்கதன்று. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த இத்தேசத்தில் அத்தொகை முப்பதை ஒட்டி இறங்கியது, செல்வம் பெருகியதால் அன்று. இலவச வைத்தியமும், பெண்கல்வியும், ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் ஏட்டில் எழுதி அவள் வீட்டு வாசலை மிதித்த மிட்வைஃப்களும் சேர்ந்து செய்த காரியம் அது.

இவற்றுள் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது, ஒரு தாய் மாண்டபின் நடக்கும் விசாரணை. மரணம் உடனே அறிவிக்கப்படுகிறது. சுகாதார வைத்திய அதிகாரியும் குடும்பநல உத்தியோகத்தரும் துக்க வீட்டுக்கே சென்று நடந்ததைக் கேட்டறிகிறார்கள். பின்பு வைத்தியசாலையிலும், மாவட்ட மட்டத்திலும், கடைசியாகக் குடும்ப சுகாதாரப் பணியகத்தில் மகப்பேற்று நிபுணர்களின் முன்னிலையிலும் அம்மரணம் ஆராயப்படுகிறது. எவர் பெயரையும் சுட்டுவதில்லை, எவர்மேலும் பழி சுமத்துவதில்லை என்பது அதன் விதி. இவ்விதியைக் குற்றவாளிகளுக்குக் காட்டும் தயவு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. பயந்தவர்கள் ஏட்டைத் திருத்துவார்கள். இரத்தம் எத்தனை மணிக்குக் கேட்கப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது என்ற உண்மை அத்தோடு மறைந்துபோம். அடுத்த மாதம் இன்னொருத்தி அதே வழியில் மாள்வாள். கூட்டத்தில் தலைமை வகிப்பவர், நடுநடுங்கி நிற்கும் இளம் வைத்தியரை நோக்கி “யார் செய்தது?” என்று கேட்பதற்கும், “அந்த நேரத்தில் உமக்கு என்ன கிடைக்காமற் போயிற்று?” என்று கேட்பதற்கும் உள்ள வேற்றுமையில் உயிர்கள் தங்கியிருக்கின்றன. மரணத்திலிருந்து பின்னோக்கி நடந்து, வைத்தியசாலை, வீதி, துறை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, அவள் வாசற்படிவரை சென்று தூரத்தை அளப்பவரே என் அபிப்பிராயத்தில் நல்ல தலைவர். காரியாலயத்து நாற்காலியிலிருந்து அளந்தால் எல்லா ஊரும் கிட்டத்தான் தோன்றும்.

நூதன சாதனங்களையும் இந்த அளவுகோலாலேயே மதிக்க வேண்டும். 2023இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கென்யா, நைஜீரியா, தன்சானியா, தென்னாபிரிக்கா ஆகிய தேசங்களின் 80 வைத்தியசாலைகளில், பிரசவித்தவளின் கீழே அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்ரிக் விரிப்பொன்றை வைத்து, இரத்தம் எவ்வளவு போயிற்று என்பதைக் கண்மதிப்பால் அன்றிக் கோட்டைப் பார்த்து அறிந்து, சிகிச்சைகளை ஒன்றுக்காகக் காத்து மற்றொன்றை நிறுத்தாமல் ஒருங்கே செய்தபோது, கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு அற்பமான பொருள். ஆனால் கோட்டைக் கண்ட தாதி, நடுச்சாமத்தில் நிபுணரை எழுப்பினால் ஏச்சு விழுமோ என்று அஞ்சும் இடத்தில் அந்த விரிப்பும் பயன்படாது.

இக்கரையோரத்தார் சாதனங்கள் அழிவதையும் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்திலிருந்த கிண்ணியா வைத்தியசாலையைச் சிதைத்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது மூதூரிலிருந்து முஸ்லிம்கள் கந்தளாய்க்கும், மூதூர் கிழக்கிலிருந்து தமிழர் வாகரைப் பக்கத்துக்கும் ஓடினார்கள். அத்தகைய காலத்தில், காரியாலய அலுமாரியில் அன்றித் தாயின் கைப்பையிலேயே இருக்கும் அந்தக் கர்ப்பிணி அட்டையின் அருமை விளங்கும்: எந்த முகாமில் எந்த வைத்தியர் அதை வாங்கிப் பார்த்தாலும் அவளுடைய இரத்த வகையும் முன்னைய பிரசவங்களும் அதிலிருந்தே தெரியும். இப்போது சுகாதாரக் கணக்குகள் கணினியில் ஏறிவருகின்றன, வரவேற்கத்தக்கதே. அதற்காக, ஏட்டிலும் எழுதித் திரையிலும் எழுதி, வீடுகளுக்குச் செல்லும் பொழுதை மிட்வைஃப் இழக்கும்படி செய்துவிடலாகாது.

பிரசவத்தோடு பெண்ணின் தேகம் முடிந்துவிடுவதில்லை. 35, 45 வயதுடைய மகளிரை அழைத்து இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிக்கும் கிளினிக்குகள் நாடெங்கும் உள்ளன. ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஏற்றப்படுகிறது. ஆனால் தாய்மார்களுள் பலர், திரைக்குப் பின்னால் படுத்து அப்பரிசோதனைக்கு இசைவதற்கு வெட்கப்படுகிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. அந்த வெட்கமும் ஒரு தூரமே. பெண் தானே தன் வீட்டின் மறைவில் மாதிரி எடுத்துக் கொடுத்து, அப்புற்றுநோய்க்குக் காரணமான வைரசு உண்டா இல்லையா என்று அறிந்துகொள்ளும் முறையை 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்திருக்கிறது. இம்மாவட்டத்து வெருகலுக்கும் குச்சவெளிக்கும் அதைக் கொண்டுசெல்வதாயின், மாதிரி எடுக்கும் சிறு குழாயைக் கொடுத்து வாங்கும் பொறுப்பைக் குடும்பநல உத்தியோகத்தரிடமே ஒப்படைக்கலாம். அவருடைய பதவி எங்கெங்கே வெற்றிடமாகிறதோ அங்கெல்லாம், அவ்வூர்ப் பெண்களின் பாஷை பேசுகிற ஒருவரைக் காலந்தாழ்த்தாமல் நியமித்தல் வேண்டும்.