480 பேரின் ஈறு

1970-இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை வாயைத் திறக்கச் சொன்னார்கள். 14 வயதுப் பையன்களும் அதில் இருந்தார்கள். சோதித்தது ஹரால்ட் லோ என்ற நார்வே பல் மருத்துவரின் குழு. அந்தத் தொழிலாளர்களுக்குப் பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவரிடம் போய்வர வழியும் இல்லை. ஆனாலும் சொத்தைப் பல் அநேகமாக யாருக்குமே இல்லை! கேடு இருந்தது ஈறில். பல்லெல்லாம் காரை, ஏறக்குறைய எல்லா ஈறும் வீங்கியிருந்தது.

பல் எலும்பில் ஆணி மாதிரி அறையப்பட்டதல்ல. நுண்ணிய நார்கள் அதை எலும்போடு பிடித்துக் கட்டியிருக்கின்றன. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், அந்தக் கட்டு எவ்வளவு தூரம் அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 15 வருடம் திரும்பத் திரும்ப வந்து இதைத்தான் அளந்தார்கள். 1985-இல் கடைசியாக அளந்தபோது 161 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

அழுக்கு எல்லோர் வாயிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. விளைவு அப்படி இல்லை. 11 சதவீதம் பேருக்குக் கட்டு அசையவே இல்லை. 81 சதவீதம் பேருக்கு மெல்ல மெல்ல அறுந்தது. 45 வயதுக்குள் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 8 சதவீதம் பேருக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் 12, 40-இல் 20, 45-இல் வாயே காலி.

ஈறு நோயைப் பற்றி இன்று மருத்துவர்கள் படிப்பதில் ஒரு முக்கியப் பங்கு அந்தக் கொழுந்து மலைகளின் உழைப்பாளிகள் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இதே லோ 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் வேறொன்று செய்து பார்த்திருந்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்தே நாளில் சிலருக்கும், மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. வீக்கம் வடிந்துவிடும். ஆனால் நோய் முற்றிக் கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

எலும்பைக் கரைப்பது பாக்டீரியா மட்டுமல்ல. அதோடு சண்டைக்குப் போகும் நம் உடலின் படையே பக்கத்திலுள்ள திசுவையும் அழிக்கிறது. பெரும்பாலும் வலியே இல்லாமல் இது நடக்கிறது. அந்த வீக்கத்தின் சேதி ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் போகிறது. சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளியின் ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது. இதய நோயோடும் தொடர்பு தெரிகிறது. ஆனால் ஈறு நோய்தான் அதற்குக் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1970-களின் தொடக்கத்தில் பெர் ஆக்செல்சனும் யான் லிண்டேவும் லோ செய்ததற்கு நேர் எதிரான வேலையைத் தொடங்கினார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை வரவழைத்து, பல்லைச் சுத்தம் செய்து, துலக்கும் விதத்தைக் கையில் பிரஷ் கொடுத்தே கற்றுக்கொடுத்தார்கள். 30 வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, வயதில் மூத்தவர்களின் குழுவிலும் சராசரியாக இரண்டு பல்கூடப் போயிருக்கவில்லை.

அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் பல் காப்பீடுகள் பலவற்றில் பரிசோதனைக்கும் கிளீனிங்குக்கும் முழுச் செலவும் கிடைக்கும். பல் அடைக்கவோ கேப் போடவோ போனால் ஊழியரும் பங்கு போட வேண்டும். தடுப்புக்கு முதலிடம் தரும் இந்த வரிசை சரியென்றே நினைக்கிறேன். நம் ஊர்க் கம்பெனிகளின் குழுக் காப்பீட்டிலோ பெரும்பாலும் விபத்தில் உடைந்த பல்லுக்குத்தான் பணம். வாய் மட்டும் உடம்பில் சேராததா? தான் அந்த 8 சதவீதமா, 11 சதவீதமா என்பது கம்பியை இறக்கிப் பார்க்காமல் எந்த ஊழியருக்கும் தெரியாது.

அந்தத் தேயிலைத் தோட்டங்களில் 20 வயதில் ஒருவனுக்கு முதல் பல் விழுந்தபோது, மற்ற பற்களைக் காப்பாற்ற இன்னும் 25 வருடம் இருந்தது.